வரைபவருக்கும் மிச்சம் வையுங்கள்

பத்திரிகை ஜோக்குகளில் படம் போடுபவர் ஒருவர், எழுதுபவர் பெரும்பாலும் இன்னொருவர். ஓவியரின் கையெழுத்து படத்துக்குள்ளேயே இருக்கும். எழுதியவர் பெயர் கீழே பொடி எழுத்தில். 1990-களில் மும்பை தாராவியில் இருந்துகொண்டு அந்தப் பொடி எழுத்தில் இடம்பிடிக்கத்தான் நான் அலைந்தேன்.

முறை எளிதுதான். அஞ்சலட்டைக்கு ஒரு ஜோக், மறக்காமல் முகவரி. சென்னைக்குப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பதில் வராது. பக்கத்து மாட்டுங்காவில் வார இதழ் வந்திறங்கியதும் புரட்டிப் பார்த்தால்தான் உண்டா இல்லையா என்று தெரியும். (வாங்காமல் புரட்டினால் கடைக்காரர் முறைப்பார், அது தனிக் கதை.) அட்டை போய்ச் சேர்ந்து, தேர்வாகி, படம் வரைந்து அச்சாக வாரக்கணக்கில் ஆகிவிடும். அதனால் அரசியல் ஜோக் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. அதற்குள் அமைச்சரே மாறியிருப்பார். டாக்டர், மானேஜர், மன்னர், இவர்கள்தான் கெட்டுப்போகாத சரக்கு.

கஷ்டமெல்லாம் அந்த இரண்டு வரியில் எதை விடுவது என்பதில்தான். அதற்கு டைம்ஸ் ஆஃப் இந்தியா முதல் பக்கத்தில் ஆர்.கே. லக்ஷ்மண் தினமும் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1951-இல் தொடங்கிய கார்ட்டூன் அது. கட்டம் போட்ட கோட்டும் வேட்டியுமாக நிற்கும் அவருடைய சாமானியர் வாயே திறக்க மாட்டார். சுற்றியிருப்பவர்களில் யாராவது ஒரு வரி பேசுவார்கள். மிச்சத்தை இவர் முழியே சொல்லிவிடும். நம் தமிழ்ப் பத்திரிகை ஓவியர் கோபுலு வசனமே இல்லாமல் சிரிக்கவைத்தவர். அந்த உயரமெல்லாம் எனக்கு எதற்கு, ஒரு வரி குறைந்தாலே போதும்.

என் மன்னர் ஜோக் ஒன்று முதலில் இப்படி இருந்தது:

"மன்னா, நாம் ஒளிந்திருக்கும் கட்டில்மேலேயே எதிரி வந்து உட்கார்ந்துவிட்டான்!"

எல்லாவற்றையும் அமைச்சரே சொல்லிவிட்டால் ஓவியருக்கு என்ன வேலை? மாற்றினேன்:

"எதிரி எதுவரை வந்திருக்கிறான், அமைச்சரே?"

"கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், மன்னா."

அட்டையின் ஓரத்தில் ஒரு குறிப்பு: கட்டிலுக்கு அடியில் இருவரும், மேலிருந்து தொங்கும் இரண்டு கால்கள். அச்சில் பார்த்தால், ஒரு காலில்தான் செருப்பு. இன்னொன்று மன்னரின் மூக்குக்கு நேரே கிடந்தது. அது நான் எழுதாதது, ஓவியருடைய கைவண்ணம்.

அப்புறம் மணியார்டர் வந்தது. மும்பையிலிருந்து ஊருக்குத்தான் பணம் போகும். ஊர்ப்பக்கமிருந்து வருவதைத் தபால்காரரால் நம்பவே முடியவில்லை. ஜோக் எழுதியதற்கு என்றேன். தொகையை இன்னொரு தரம் பார்த்துவிட்டு அவர்தான் முதலில் சிரித்தார்.