கழிப்பறைக் கதவில் ஒரு தாள்

சிட்னிக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே ஆலயம் தேடித்தான் போனோம். பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரம் என்ற கிறிஸ்தவ ஆலயத்து மணியைக் கேட்டு வளர்ந்தவளுக்கு வேறு எங்கே போகத் தோன்றும்? நகரத்தின் மேற்குப் பக்கம், ஒரு ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து திருச்சபை மரபில் வந்த) ஆலயத்தில் சாயங்காலம் தமிழ் ஆராதனை நடக்கும். எங்களுக்குக் கட்டில், ரைஸ் குக்கர், பிள்ளைக்கு கார் சீட், எல்லாம் அந்தச் சபையார் கொடுத்ததுதான். சொந்தம் என்று ஒருவர்கூட இல்லாத ஊரில் சபைதான் தாய்வீடு.

அங்கே பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வீட்டில் பயமாக இருக்கிறதா என்று கேட்டு, 1800 737 732 என்ற குடும்ப வன்முறை உதவி எண்ணைச் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிழித்துக்கொள்கிற மாதிரி வெட்டி வைத்திருந்தார்கள். ஆலயத்தில் போய் இதையா ஒட்டுவார்கள் என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கூடவே வரும் புருஷன் நுழைய முடியாத ஒரே இடம் அதுதான் என்பது பிறகுதான் புரிந்தது.

இரண்டு வருஷம் கழித்து, டீ கப் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா மெதுவாகச் சொன்னார்கள். அடி மட்டுமில்லை. பேங்க் கார்டு அவரிடம், போனை தினமும் எடுத்துப் பார்ப்பார், ஊருக்கு அம்மாவிடம் பேசினால் பக்கத்திலேயே நிற்பார், எதிர்த்துப் பேசினால் "விசாவை கேன்சல் பண்ணிருவேன்" என்பார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஜெபம் பண்ணுவோம்க்கா, அண்ணன் சபைக்கு வர்றாங்கள்ல, மாறிருவாங்க." இதை எழுதும்போதுகூட நெஞ்சு வலிக்கிறது. அவர்கள் என்னிடம் வந்தது சபையிடம் வந்த மாதிரி. நான் திரும்ப அந்த வீட்டுக்கே அனுப்பிவிட்டேன்.

அடுத்து சபையில் நம் ஊர் வழக்கப்படி அவர்களையும் புருஷனையும் ஒன்றாக உட்காரவைத்து சமாதானம் பேசினார்கள். அவர் அழுதார், மன்னிப்புக் கேட்டார், எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னோம். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்த அக்கா எப்படி உண்மையைச் சொல்ல முடியும்? சொல்லியிருந்தாலும் அதற்கான தண்டனை காரில் வீடு போய்ச் சேர்வதற்குள் கிடைத்திருக்கும். கடைசியில் ஆங்கில ஆராதனைக்கு வரும் ஒரு வயதான அம்மாதான், யாரிடமும் சொல்லாமல், மொழிபெயர்ப்பாளரை வைத்து அந்த எண்ணில் பேச உதவினார்கள். அந்த மொழிபெயர்ப்பாளர் நம் சபை ஆளாக இருக்கக் கூடாது என்பதில் அந்த அம்மா ரொம்பக் கவனமாக இருந்தார்கள். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.

அதற்கப்புறம்தான் நான் குடும்ப வன்முறை பற்றிய ஒரு பயிற்சிக்குப் போனேன். சிட்னி ஆங்கிலிக்கன் திருமண்டலம், அதாவது இந்தப் பகுதிச் சபைகளின் நிர்வாகம், 2017-இல், தன் சபைகளில் குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறது. 2021-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஆய்வு, துணைவரால் வன்முறைக்கு ஆளாவது வெளியே இருக்கும் அளவுக்கு, ஏன் அதைவிட அதிகமாகக்கூட, ஆங்கிலிக்கன்களிடம் இருப்பதாகச் சொன்னது. ஆலயத்துக்குப் போகிற குடும்பம், அங்கே அப்படி இருக்காது என்று நாம் நினைப்பது பொய்.

விசா விஷயமும் அங்கேதான் தெரிந்தது. விசாவை ரத்து செய்கிற அதிகாரம் புருஷனுக்கு இல்லை, அரசாங்கத்துக்குத்தான். பார்ட்னர் விசாவுக்காக, அதாவது கணவன் அல்லது மனைவி மூலம் கிடைக்கும் விசாவுக்காக, இங்கே வந்தவர்கள் வன்முறையால் பிரிய நேர்ந்தாலும், அதைக் காட்டி நிரந்தர விசாவுக்குத் தொடர வழி இருக்கிறது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2024 ஜூலை 1 முதல், துணையை இப்படிப் பணத்தாலும் மிரட்டலாலும் கண்காணிப்பாலும் தொடர்ந்து அடக்கி வைப்பதே குற்றம், ஏழு வருஷம் வரை சிறை. வேலைக்குப் போகிற பெண் குடும்ப வன்முறைக்கு ஆளானால், அதற்காக வருஷத்துக்கு 10 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, கேஷுவல் வேலை என்றாலும். இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்போடு அறிவிப்பாக வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கல்யாணத்துக்கு முன்னால் கொடுக்கும் ஆலோசனையில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

இன்னொன்று, பெரும்பாலும் அடி வாங்கினவள்தான் சபையை விட்டுப் போகிறாள், அடித்தவர் முன்வரிசையில் பாட்டு நடத்துகிறார். அவரை வேறு ஆராதனைக்குப் போகச் சொல்ல வேண்டும், பொறுப்புகளை வாங்கிக்கொள்ள வேண்டும், வன்முறையை நிறுத்த உதவி கேட்க ஆண்களுக்கென்றே இருக்கும் 1300 766 491 எண்ணைக் கையில் கொடுக்க வேண்டும். அவருக்காக ஜெபிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த அக்கா பாதுகாப்பாக இருப்பது முதலில் நடக்கட்டும்.

இப்போது எங்கள் கழிப்பறைத் தாள் தமிழிலும் இருக்கிறது. சபைப் போதகரான ஐயரும் யாரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவதில்லை. பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு தினமான இந்த நவம்பர் 25-ஐ ஒட்டி, பைபிளில் எபேசியர் 5-இல் மனைவிகளுக்குச் சொன்ன 22-ஆம் வசனத்தோடு நிறுத்தாமல், ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லும் 21-ஐயும் புருஷர்களுக்குச் சொன்ன 25-ஐயும் சேர்த்துப் பிரசங்கம் பண்ணக் கேட்டிருக்கிறோம். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மட்டும் பேசினால் போதுமே என்று கமிட்டியில் சிலர் சொல்கிறார்கள். பேச வேண்டியது ஆண்களும் உட்கார்ந்திருக்கும் ஞாயிறு ஆராதனையில்தான் என்று நாங்கள் சொல்லிவிட்டோம், இன்னும் முடிவாகவில்லை, அடுத்த கூட்டத்துக்கும் போகப்போகிறோம்.