சியான் போய் வந்த மகள்

பள்ளிப் பயணமாகச் சீனாவின் சியான் நகருக்குப் போன மகள் நேற்று இரவு திரும்பினாள். சீனாவின் முதல் பேரரசர் கல்லறைக்குக் காவலாகப் புதைத்த சுடுமண் வீரர் சிலைகள் எப்படி என்று கேட்டால், "அப்பா, அவங்க எல்லாரும் முதல்ல கலரா இருந்தாங்களாம்!" என்கிறாள். 1974இல் கிணறு தோண்டிய விவசாயிகளுக்கு அகப்பட்டவர்கள். வெளிக்காற்று பட்டால் அடிப்பூச்சாக இருக்கும் அரக்கு காய்ந்து சுருண்டு, நிமிடங்களில் வண்ணம் உதிர்ந்துவிடுமாம். முதல் பேரரசரின் கல்லறை மேட்டை இன்னும் தோண்டாமல் விட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் சைக்கிள். மிங் காலத்து மதில்மேல் முழுச் சுற்று, கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர்! இன்று கால்களை நீட்டிப் படுத்திருக்கிறாள். கல்வெட்டுப் படியெடுத்த மை நகக்கண்ணில் அப்படியே இருக்கிறது. மதியம் சியானில் போலவே பெல்ட் அகலத்துக்கு நூடுல்ஸ் வேண்டுமாம். சரி, இங்கே ரசம்சாதம்தான்.