உளுந்து மூட்டைகளுக்கு நடுவே இங்கிலீஷ்

ரங்கூனில் உளுந்து, துவரை ஏற்றுமதி செய்யும் ஒரு கிடங்கில் சரக்கும் கணக்கும் என் பொறுப்பு. பயின்னவுங் சந்தையில் பர்மியப் பேச்சு, சென்னைக்காரர்களோடு தமிழ், சிங்கப்பூர், துபாய்த் தரகர்களோடு இங்கிலீஷ். ஈமெயில் என்றால் சமாளித்துவிடுவேன். போன் வந்தால் பக்கத்து மேசைத் தம்பியிடம் நீட்டிவிடுவது வழக்கம். அவன் தாய்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்டான். அப்புறம் என்ன, நான்தான் எடுத்தாக வேண்டும்.

எங்கள் தாத்தா காலத்தில் இங்கே இங்கிலீஷ் சரளமாக ஓடியது. 1960களில் படிப்பெல்லாம் பர்மிய மொழிக்கு மாறியதில் அப்பா தலைமுறைக்கு அது கைநழுவியது. 1981க்குப் பிறகு கீழ்வகுப்பிலிருந்தே மறுபடி வைத்தார்கள். அப்படிப் படித்தவன் நான். சாயாமா, அதாவது டீச்சரம்மா, ஒரு வரி சொல்ல, வகுப்பே சேர்ந்து கத்தும். கட்டுரை மனப்பாடம் உண்டு, வாய் திறந்து ஒரு கேள்வி கேட்கத் தெரியாது.

இரவில் உட்கார்ந்து படிக்கலாமே என்பார்கள். எங்கள் வீட்டில் அது நடக்காது. கரன்ட் வரும் நேரத்தில் தண்ணீர் மோட்டார் போட வேண்டும், சோறு ஆக்க வேண்டும், பாட்டரி, போன் எல்லாம் சார்ஜ் ஏற வேண்டும். அதற்குள் மகளின் வீட்டுப்பாடம் வேறு. தனி நேரம் தேடுவதை விட்டுவிட்டு, கையோ காலோ வேறு வேலையில் இருக்கும்போது காதும் வாயும் சும்மா இருக்கும் நேரங்களை மட்டும் பிடிக்க ஆரம்பித்தேன்.

முதலில் காலை பஸ். அமெரிக்க வானொலி 1959இல் ஸ்பெஷல் இங்கிலீஷ் என்று ஒன்றைத் தொடங்கியது. சுமார் 1500 சொற்கள், சின்னச் சின்ன வாக்கியம், நிதானமான வேகம். அதன் பழைய பதிவுகளைக் கரன்ட் இருக்கும்போதே போனில் இறக்கி வைத்துக்கொள்வேன். தாமுவேயில் ஏறியதும் காதில் மாட்டிக்கொண்டு, வாசிப்பவர் பின்னாலேயே உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிக்கொண்டு போவேன். பக்கத்து சீட்டு அம்மா ஏதோ மந்திரம் என்று நினைத்தாரோ என்னவோ, பையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்.

உண்மையான பயிற்சி கிடங்கில்தான். குத்தூசியை மூட்டையில் குத்தி, வரும் உளுந்தைத் தட்டில் பரப்பி, வண்டு அரித்தது, உடைந்தது, கல், மண் என்று பிரிப்பது தினசரி வேலை. இப்போது அதை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே செய்கிறேன். இந்த மூட்டை ஈரமாக இருக்கிறது, இது எஸ்.க்யூ.வுக்கு (உயர்ந்த தரம்) தேறாது, எஃப்.ஏ.க்யூ.வில்தான் (சராசரித் தரம்) போடணும், இப்படி. சொல்ல வராத இடத்தில் பென்சிலால் தட்டின் ஓரத்தில் ஒரு கோடு. மதியச் சாப்பாட்டின்போது அந்தக் கோடுகளுக்கு மட்டும் சொல் தேடுவேன். பொதுவாக ஆயிரம் சொல் படிப்பதைவிட இது எனக்கு நன்றாக ஒட்டுகிறது. தரகர் போனில் கேட்பதும் இதே விஷயங்களைத்தானே.

தேடிய சொற்கள் அட்டைக்குப் போகும். செபாஸ்தியான் லைட்னர் என்பவர் 1970களில் பரப்பிய பெட்டி முறை அது. தெரிந்த அட்டை அடுத்த அறைக்கு நகரும், தெரியாதது முதல் அறைக்கே திரும்பும். போன் ஆப்பிலும் இதே முறை உண்டு. பழைய செருப்புப் பெட்டிக்குச் சார்ஜ் தேவையில்லை என்பதால் எனக்கு அதுதான்.

எண்கள்தான் பெரிய தலைவலி. சந்தையில் விலை வீசைக்கு, பர்மியப் பணமான கியாட்டில். ஒரு வீசை சுமார் 1.63 கிலோ. தரகருக்கு டன்னுக்கு டாலரில் சொல்ல வேண்டும். பர்மியத்தில் பத்தாயிரத்துக்கும் லட்சத்துக்கும் தனித்தனிப் பெயர் உண்டு, நமக்கும் லட்சம் உண்டு. இங்கிலீஷ்காரர்கள் ஆயிரத்தைத் தாண்டினால் மில்லியனில்தான் நிற்பார்கள். அதனால் பஸ் ஜன்னலிலிருந்து கடைப் பலகையில் தெரியும் எண்களை எல்லாம் இங்கிலீஷில் படித்துக்கொண்டே போகிறேன். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி குழப்பத்துக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன்: முன்னதில் வால் பக்கம் அழுத்தம், பின்னதில் தலைப் பக்கம். சொன்ன கையோடு ‘ஒன் ஃபைவ்’ என்று இலக்கம் இலக்கமாகவும் சொல்லிவிடுவேன். விலைப் பேச்சில் கூச்சம் பார்த்தால் கட்டுப்படியாகாது.

உச்சரிப்பில் நம் நிலைமை வேடிக்கை. பர்மியப் பேச்சில் சொல்லின் கடைசி மெய் தொண்டையிலேயே நின்றுவிடும். ரைஸ், ரைட், ரைப் மூன்றும் ஒன்றாகக் கேட்கும். தமிழ் வாய் அதற்கு நேர் எதிர், ரைட்டு, ரைப்பு என்று ஒரு உகரத்தை ஒட்டிவிடும். எனக்கு இரண்டும் வரும், ஆள் பார்த்து! ஆனால் தேங்க்ஸில் பல்லில் நாக்கு படும் அந்தச் சத்தம் பர்மியத்திலேயே இருப்பதால் அது மட்டும் இலவசமாகக் கிடைத்தது. போனில் என் குரலைப் பதிந்து கேட்பது முதலில் சகிக்கவில்லை. இப்போது கடைசி எழுத்தை மட்டும் கவனித்துக் கேட்கிறேன், மற்றதை விட்டுவிடுகிறேன்.

இப்போதைக்கு துபாய்க்காரர் போனைத் தயங்காமல் எடுக்கிறேன். அவர் நிறுத்தி நிறுத்திப் பேசுபவர், பெரிய உதவி. சிங்கப்பூர் அண்ணாச்சி தமிழ்தான், ஆனால் ஆபீஸ் போனில் இங்கிலீஷ்தான் பேசுவார், அதுவும் மூச்சு விடாமல். அவர் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ்களைச் சேர்த்து வைத்து, வேகத்தைக் குறைத்துக் கேட்கிறேன். அடுத்த உளுந்து அறுவடை சந்தைக்கு வருவதற்குள் அவரிடம் பேரம் பேசும் அளவுக்கு வர வேண்டும். அதற்கான அட்டைகளை இந்த வாரம்தான் எழுத ஆரம்பித்திருக்கிறேன்.