செபமும் ஜெபமும்

2024 ஜூன் 10 அன்று பள்ளிகள் திறந்தபோது என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். களியக்காவிளைக்குச் சற்றுத் தள்ளி, தமிழ்நாடு எங்கே முடிகிறது, கேரளம் எங்கே தொடங்குகிறது என்று புதிதாக வருபவருக்குத் தெரியாத ஓர் ஊராட்சியில், கன்னியாஸ்திரீகள் நடத்தும் அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளி அது. நாங்கள் சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த புரோட்டஸ்டண்ட் குடும்பம். லண்டன் மிஷனரி சங்கத்தார் கட்டிய பள்ளியில் படித்தவர் என் அம்மா. நானும் அதே பள்ளியில்தான் படித்தேன். பிள்ளையைக் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்த்ததற்குப் பெரிய காரணம் ஏதும் கிடையாது. அது வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது, வழியில் பெரிய சாலை எதையும் கடக்க வேண்டாம், அவ்வளவுதான்.

சேர்க்கையின்போது தலைமையாசிரியையான சிஸ்டர், கத்தோலிக்க சமயம் கற்பிக்கும் மறைக்கல்வி வகுப்பா, நன்னெறி வகுப்பா என்று கேட்டார். அரசு நிதியுதவி பெறும் கல்வி நிறுவனத்தில் படிக்கும் எவரையும் சமயப் போதனையில் பங்கெடுக்கும்படி கட்டாயப்படுத்த முடியாது, சிறுவராக இருந்தால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 28(3)ஆம் பிரிவு சொல்கிறது. அது நினைவில் இருந்ததால், நன்னெறி என்று கொஞ்சம் மிடுக்காகவே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த மிடுக்கு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. பிள்ளைகள் கற்றுக்கொள்வது வகுப்பில் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மணி அடிக்கும்போதும், வரிசையில் நிற்கும்போதும், பக்கத்துப் பிள்ளை செய்வதைப் பார்க்கும்போதும் அவர்கள் அள்ளிக்கொள்வதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

முதல் வாரம் முடியுமுன்பே சாப்பாட்டுத் தட்டின் முன் கண்ணை மூடி, நெற்றியிலும் நெஞ்சிலும் இரு தோள்களிலும் கைவைத்து, "தந்தை மகன் தூய ஆவியின் பெயராலே" என்றாள் மகள். என் அம்மா பயற்றுக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் புட்டைப் பார்த்தேன்.

அந்த ஆண்டு முழுவதும் எங்கள் வீட்டில் நடந்ததை ஒரே வரியில் சொல்வதென்றால், கர்த்தர் கற்பித்த ஜெபத்துக்கு இரண்டு தமிழ் இருப்பதை ஆறு வயதுப் பிள்ளை ஒருத்தி எங்களுக்குப் பாடம் நடத்தினாள். என் அம்மா சொல்வது "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கும் பழைய வேதாகமத் தமிழ். பள்ளியில் சொல்லித்தருவது "விண்ணகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று தொடங்குவது. அம்மச்சியின் "ராஜ்யம்" பேத்திக்கு "ஆட்சி". அம்மச்சியின் "ஆகாரம்" பேத்திக்கு "அன்றாட உணவு". அம்மா அதை ஜெபம் என்கிறார். பள்ளியில் அது செபம். முதல் சண்டையே அந்த ஓர் எழுத்தில்தான் வந்தது. "செபம்னு எழுதினாதான் டீச்சர் சரி போடுவாங்க" என்று பிள்ளை சொல்ல, "ஒங்க டீச்சருக்கு ஜ எழுதத் தெரியாதா மக்களே" என்று அம்மா கேட்டார்.

அதைவிட நல்ல கேள்வி ஒன்று ஜூலையில் வந்தது. அம்மா சொல்லும் வடிவத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று ஒரு வரி வரும். பள்ளி வடிவத்தில் அந்த இடத்தில் கடன் கிடையாது, குற்றம்தான். ஒருநாள் இரவு விளக்கை அணைத்த பிறகு மகள் என்னிடம் மெதுவாக, "அம்மச்சி யாருக்குக் கடன் குடுக்கணும்?" என்று கேட்டாள். மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்கு அம்மா வாராவாரம் பணம் கட்டப் போவதை அவள் பார்த்திருக்கிறாள். சாமியிடமே தள்ளுபடி கேட்கும் அளவுக்கு அது பெரிய தொகையா என்பதுதான் அவள் கவலை. ஐம்பது வருடமாகச் சொல்லிவரும் வரியை அன்றுதான் காது கொடுத்துக் கேட்டதாக அம்மா மறுநாள் சொன்னார்.

இந்த இரண்டோடும் முடியவில்லை. மகளின் பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் வீடு எல்லைக்கு அந்தப் புறம், கேரளத்துப் பாறசாலைப் பக்கம். அப்பா ரப்பர் வெட்டுபவர், அம்மாவுக்கு இந்தப் பக்கத்து ஊர். அந்த வீட்டில் இரவுப் பிரார்த்தனை மலையாளத்தில். "ஸ்வர்க்கஸ்தனாய ஞங்ஙளுடெ பிதாவே" என்பதையும், "அன்னன்னு வேண்டுன்ன ஆஹாரம்" என்பதையும் மதிய இடைவேளையில் மகள் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள். பதிலுக்கு அவள் இவளிடமிருந்து "பரமண்டலங்களை" வாங்கிப் போனாளாம். அந்த வீட்டில் யார் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்களோ!

பள்ளியில் மதியம் பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தால் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்று மூவேளைச் செபம் சொல்வார்கள். மறைக்கல்வி வகுப்பில் இல்லாத பிள்ளைகள் சொல்ல வேண்டியதில்லை. சும்மா எழுந்து நின்றால் போதும் என்று சிஸ்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஒன்றாம் வகுப்பில் பாதிப் பேர் இந்துப் பிள்ளைகள், இரண்டு மூன்று பேர் முஸ்லிம் பிள்ளைகள். அதுவரை கத்திக்கொண்டிருந்த நாற்பது பிள்ளைகள் ஒரு நிமிடம் அசையாமல் நிற்பதை நான் ஒருமுறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆறு வயதில் ஒரு நிமிடம் சும்மா நிற்பது எழுதப் படிப்பதைவிடக் கடினமான வேலை. செபம் சொல்லாத பிள்ளைகள்தான் அதைக் கூடுதலாகக் கற்றார்கள் என்று எனக்குத் தோன்றியது. சொல்லிக்கொண்டிருப்பவருக்கு வாய்க்காவது வேலை இருக்கிறது.

இதே பள்ளியில் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்றும் உண்டு. டீச்சர் வெளியே போகும்போது பிள்ளைகள் வாயில் விரல் வைத்து உட்கார வேண்டும். பன்னிரண்டு மணி அமைதியும் இந்த அமைதியும் வேறு வேறு. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். டீச்சர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். விரல்கள் அடுத்த நாளும் வாயில்தான் இருந்தன.

ஜூலை 15 காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். அன்று முதல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதிகளிலுள்ள அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. 2022இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் போன திட்டம் அது. எங்கள் பக்கத்தில் காலை உணவென்றால் புட்டும் பயறும், அல்லது ஆப்பம், இரண்டும் இல்லாத நாளில் பழஞ்சி. உப்புமா என்பது எங்கள் வீட்டில் காய்ச்சல்காரருக்குக்கூடக் கொடுக்காத பொருள். பள்ளி வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து, தட்டில் விழும் உப்புமாவைச் சாம்பாரில் குழைத்து, எல்லார் தட்டிலும் விழும்வரை காத்திருந்து, செபம் முடிந்த பிறகு சாப்பிடப் பழகினாள் மகள். வீட்டில் ஒரு வாய் ஊட்டுவதற்கு முன்பு மூன்று கதை சொல்ல வேண்டியிருந்த பிள்ளை அவள். ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அம்மா, உப்புமா உண்டாக்கத் தெரியாதா?" என்று கேட்டபோது எனக்கு வந்தது மகிழ்ச்சியா வருத்தமா என்று இன்றுவரை தெரியவில்லை.

புனிதர்களைப் பற்றி அவளுக்கு வந்த அறிவு, புனிதர்களிடம் வேண்டிக்கொள்ளும் வழக்கம் இல்லாத எங்கள் வீட்டுக்கு முற்றிலும் புதிது. தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருபவர் புனித அந்தோனியார் என்பதை அவள் தோழிகளிடம் கேட்டு வந்தாள். அழிப்பான் காணாமல் போன அன்று கட்டிலின் அருகே கைகூப்பி நின்றாள். அழிப்பான் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. "குனிஞ்சு பாத்தா யாருக்கும் கிடைக்கும் மக்களே, அதுக்கு எதுக்கு அந்தோனியாரு" என்றார் அம்மா. ஆனால் அடுத்த வாரம் தன் மூக்குக்கண்ணாடியைத் தேடியபோது, "ஒங்க ஆளுகிட்ட ஒண்ணு கேட்டுப் பாரு" என்று அவரே பேத்தியிடம் சொன்னதை நான் அடுக்களையிலிருந்து கேட்டேன். சபை வளர்த்த பெண்மணி என்பதால் இதை நான் வெளியில் சொன்னதில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

நவம்பர் 1 பள்ளிக்கு விடுமுறை. அன்றுதான் புனிதர் அனைவர் பெருவிழா என்று மகள் சொன்னாள். 1956இல் திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்த கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய நான்கு வட்டங்களும் பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள் அது என்று நான் சொன்னேன். இரண்டும் ஒரே நாளில் எப்படி வரும் என்று அவள் சண்டைக்கு வந்தாள். டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கான உள்ளூர் விடுமுறை. அதில் எந்தச் சண்டையும் வரவில்லை.

ஜனவரியில் பிள்ளைகளைப் பெற்றோரோடு சேர்த்துப் புலியூர்க்குறிச்சிக்கும் பத்மநாபபுரத்துக்கும் அழைத்துச் சென்றார்கள். தேவசகாயம் பிள்ளை முழங்கையால் இடித்தபோது தண்ணீர் வந்ததாகச் சொல்லப்படும் முட்டிடிச்சான் பாறையைப் பார்ப்பதுதான் முதல் நோக்கம். நட்டாலத்தில் 1712இல் பிறந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசுப் பணியில் இருந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டவர் அவர். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். பிள்ளைகளுக்கு ஆண்டுகள் வேண்டியிருக்கவில்லை. பாறைக் குழியை எட்டிப் பார்ப்பதும் தங்கள் முழங்கையைத் தடவிப் பார்ப்பதுமாக இருந்தார்கள். உதயகிரிக் கோட்டைக்குள், 1741 குளச்சல் போரில் தோற்றுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படையின் தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாயின் கல்லறை இருக்கிறது. அவர் மூலமாகத்தான் தேவசகாயம் கிறிஸ்தவத்தை அறிந்தார். அந்தக் கல்லில் இலத்தீனும் தமிழும் சேர்த்துப் பொறித்திருக்கிறார்கள். தனக்குத் தெரிந்த எழுத்துகளை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டு மகள் அரை மணிநேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கல்லெழுத்தில் புள்ளி இல்லாததால் எது மெய், எது உயிர்மெய் என்று அவளுக்குத் தீராத குழப்பம். பிறகு பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் சீட்டுக் கொடுப்பவர் மலையாளத்தில் பேசியதும், "கேரளா வந்தாச்சா?" என்றாள். தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் அந்த அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசு என்பதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கவைக்க முயன்று தோற்றேன். பக்கத்திலிருந்த பாறசாலைத் தோழி, "வீடு ஞங்ஙடது, மண்ணு ஒங்களது" என்று ஒரே வரியில் முடித்தாள்.

எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் டீச்சருக்கு நியாயம் செய்ததாகாது. பிப்ரவரி இறுதியில் ஒரு மாலை, பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது எதிரே வந்த பேருந்தின் பலகையை அவள் முதன்முதலாகத் தானாகவே படித்தாள். "க" என்றாள், அடுத்ததில் சுழியைப் பார்த்து "ளி" என்றாள். "ய" எளிதாக வந்தது. பிறகு "க்", அதன் மேலே இருந்த புள்ளிக்காக ஒரு நிறுத்தம், "கா". வண்டி நெருங்கி வந்துகொண்டிருந்தது. "வி" என்று கத்தினாள். கடைசி எழுத்தில் முன்னால் நின்ற ஐகாரக் குறியை விரலால் காற்றில் இரண்டு சுழியாகப் போட்டுப் பார்த்து, வண்டி எங்களைக் கடந்த பிறகு, "ளை" என்றாள். "களியக்காவிளை!" வண்டி போய்விட்டது, நாங்கள் போக வேண்டிய வண்டியும் அதுதான். அடுத்து வந்தது கேரள அரசுப் பேருந்து. அதன் பலகையைப் பார்த்து, "இது உருண்டு உருண்டு இருக்கு, இதை அவளோட அம்மாதான் படிப்பாங்க" என்று விட்டுவிட்டாள்.

மார்ச் 5, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். தவக்கால உண்டியல் என்று அட்டையில் ஒரு சிறு பெட்டி கொடுத்தார்கள். மிட்டாய்க் காசை அதில் போட வேண்டும். கட்டாயம் இல்லை என்று சிஸ்டர் சொல்லியிருந்தும் மகள் போட்டாள், எண்ணினாள், மீண்டும் எடுத்து எண்ணினாள். கூட்டல் அவளுக்கு அந்த உண்டியலில்தான் ஒழுங்காக வந்தது என்று சொல்வேன்.

இரவு ஜெபம் இப்போது எங்கள் வீட்டில் இப்படித்தான் நடக்கிறது. அம்மா தன் தமிழில் சொல்கிறார், பிள்ளை தன் தமிழில் சொல்கிறாள், இருவரும் ஒருவரையொருவர் இடிக்காமல். பள்ளி வடிவம் "தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்" என்பதோடு முடிந்துவிடும். அம்மாவுக்கு அதன் பிறகு "ராஜ்யமும், வல்லமையும், மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே" என்று இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கும். ஜூனில் பிள்ளை தன் வரியை முடித்ததும் "ஆமென்" சொல்லிப் படுத்துவிடுவாள். அம்மா தனியாக மீதியைச் சொல்லிக்கொண்டிருப்பார். ஏப்ரலில் கவனித்தேன், கண்ணை மூடியபடியே அவள் காத்திருக்கிறாள். அம்மச்சி "உம்முடையவைகளே" வரை வந்த பிறகுதான் இருவரும் சேர்ந்து ஆமென் சொல்கிறார்கள்.

இரண்டாம் வகுப்புக்கான பையும் செருப்பும் வாங்கியாயிற்று. குடைதான் பாக்கி. ஒன்றாம் வகுப்பில் தொலைத்த இரண்டு குடைகளை அந்தோனியார் இன்னும் கண்டெடுத்துத் தரவில்லை.