இணைப்பைத் துண்டிக்கச் சொன்ன பிறகு

எங்கள் அகலக்கற்றை இணைப்பின் ஆறு மாதச் சந்தா முடியும் தறுவாயில், அதே வேகத்தைப் புதிய வாடிக்கையாளர்களுக்கு அந்நிறுவனம் குறைந்த விலையில் தருவதைக் கவனித்து, சேவை மையத்தை அழைத்தேன். முதலில் பேசியவர் விலையைக் குறைக்க இயலாது என்றார். அவருக்கு அந்த அதிகாரமே இல்லை என்பது பின்னர்தான் புரிந்தது. துண்டிப்புக் கோரிக்கையைப் பதிவு செய்த மறுநாள், சலுகை தரக்கூடிய வேறொரு பிரிவினர் தாமாகவே அழைத்தார்கள். அவர்கள் சொன்ன தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்குமா, ரௌட்டருக்கு வைப்புத்தொகை உண்டா என்றெல்லாம் கேட்டு, ஒப்புக்கொண்டதைக் குறுஞ்செய்தியாகவும் பெற்றுக்கொண்டேன்.

தொலைக்காட்சிக்குப் பேரமே தேவைப்படவில்லை. 2019இல் நடைமுறைக்கு வந்த டிராய் (இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிகளின்படி கட்டணச் சேனல்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், யாரும் பார்க்காத தொகுப்புகளை நீக்கிவிட்டோம். அம்மாவின் தொடர்கள் வரும் சேனலை மட்டும் தொட முடியவில்லை.