காப்பிக்கு எந்த ஊர்?

கடை திறந்த முதல் வாரம் ஒரு மாமி வந்தார். "கால் கிலோ போடுங்கோ. ஆனா எங்க ஊர் காப்பி மாதிரி இருக்கணும்" என்றார். எந்த ஊர் மாமி என்றேன். மாயவரம். மாயவரத்தில் ஏது காப்பிச் செடி என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். கல்லாவில் அன்றைக்கு மொத்தமே முந்நூறு ரூபாய்தான் இருந்தது.

அது 2004. குரோம்பேட்டையில் ஒரு சந்துக்குள், பத்துக்குப் பன்னிரண்டடி கடை. ஐந்து கிலோ பிடிக்கிற வறுக்கும் உருளை ஒன்று, அரைக்கிற மெஷின் ஒன்று, தராசு, நாலு தகர டின். இருபது வருஷமாக அந்த மாமி கேட்டதையே விதவிதமான குரல்களில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கும்பகோணத்துக்காரருக்குக் கும்பகோணம் மாதிரி வேண்டும். திருநெல்வேலிக்காரர் "அங்க ஜங்ஷன் பக்கம் ஒரு கடைல குடிச்சோம்லா, அது மாதிரி" என்பார். கல்பாத்தியிலிருந்து வந்து இங்கே குடியேறிய ஒரு மாமா, பாலக்காட்டுத் தண்ணீரையும் சேர்த்துப் பொட்டலம் கட்டித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். விளையாட்டாகத்தான். ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

இவர்கள் யார் ஊரிலும் காப்பி விளையாது. அதற்கு மலை வேண்டும், மர நிழல் வேண்டும், பூ எடுக்க மார்ச், ஏப்ரலில் ஒரு மழை வேண்டும். விளைகிற பக்கத்தில் பிறந்தவன் நான். என் ஊர் மாதிரி வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.

நான் பிறந்தது வத்தலக்குண்டுப் பக்கம். நிமிர்ந்தால் மலை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை எல்லாம் எங்களுக்குக் காப்பிப் பெயர்கள். மலையில் விளைந்தது லாரியில் இறங்கிப் பட்டிவீரன்பட்டிக்கு வரும். சென்னைப் பாண்டி பஜாருக்குப் பெயர் கொடுத்த சௌந்தரபாண்டியனாரின் ஊர் அது. கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் தோலை உடைத்து, தரம் பிரித்து, மூட்டை பிடிக்கிற கியூரிங் ஆலைகள் அங்கே உண்டு. அம்மா அதில் ஒன்றில் கொட்டை பொறுக்கப் போவாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். சல்லடைகள் ஆடிக்கொண்டே இருக்கும். பெரிய கொட்டை ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம். பழத்துக்குள் வழக்கமாக இரண்டு விதை முகத்தோடு முகம் ஒட்டி இருக்கும். சிலதில் ஒன்றுதான் தேறி, உருண்டையாகத் திரண்டிருக்கும். அதுதான் பீபரி. சரிவில் விட்டால் அது மட்டும் உருண்டு தனியாகப் போய்விடும். மெஷின் பிரிக்காததைப் பெண்கள் கையால் பிரிப்பார்கள். கறுத்தது, உடைந்தது, பூச்சி துளைத்தது, வெளிறியது. அம்மா பக்கத்தில் இருக்கும் அக்காவிடம் வீட்டு வம்பு பேசிக்கொண்டே இருப்பாள், கண் அங்கே இருக்கும், விரல் மட்டும் கறுத்த கொட்டையைத் தேடித் தள்ளிக்கொண்டிருக்கும். அது எப்படி என்று கேட்டால், "ஒனக்குச் சோத்துல கல்லு தெரியலையா, அது மாதிரிதான்" என்பாள்.

அந்த ஆலைக்குள் காப்பி வாசனையே இருக்காது. பலர் இதை நம்ப மாட்டார்கள். பச்சைக் கொட்டைக்குச் சாக்கு வாசனையும் பச்சைப் பட்டாணி வாசனையும் கலந்த ஒரு மணம், அவ்வளவுதான். அம்மாவின் சேலையில் அதுதான் ஒட்டிக்கொண்டு வரும்.

நாங்கள் வீட்டில் குடித்தது உடைசல். மலிவாகக் கிடைக்கும். மண்சட்டியில் வறுத்து, உரலில் இடித்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கருப்பட்டி தட்டி இறக்கினால் காப்பி. பால் என்றைக்காவது. ஃபில்டர் என்று ஒன்று இருப்பதையே சென்னைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். முதல் ரகம் எங்கே போகிறது என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன். "சீமைக்கு" என்றாள். எந்தச் சீமை என்று அவளுக்கும் தெரியாது.

கோடை லீவில் தாண்டிக்குடியில் தோட்ட வேலை பார்த்த மாமா வீட்டுக்குப் போவோம். மழை பெய்த பத்து நாளுக்குள் மலை முழுக்க ஒரே நாளில் பூத்துவிடும். கிளை தெரியாத அளவுக்கு வெள்ளை, மல்லிகை மாதிரி வாசனை. இரண்டு மூன்று நாளில் கருகிப்போகும். பழம் பறிப்பது கார்த்திகை, மார்கழியில். எங்கள் பக்கத்துக்கு ஐப்பசி மழைதான் பெரிய மழை என்பதால், பறிக்கிற நேரத்தில் பெரும்பாலும் வானம் மூடிக்கொண்டே இருக்கும். களத்தில் காயப் போட்டதை ஓடி ஓடி மூடுவதே பாதி வேலை. காய்ந்ததா என்று பார்க்க மாமா ஒரு கொட்டையைக் கடிப்பார். பல் பதிந்தால் இன்னும் ஒரு நாள். பதியாமல் டக்கென்றால் மூட்டை. வௌவால் சப்பித் துப்பிய கொட்டைகளை மரத்தடியில் பொறுக்கிச் சேர்ப்பது பிள்ளைகள் வேலை. மரநாய் போட்டதையும் சேர்ப்பார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. இன்றைக்கு அதற்கு ஒரு பெயர் வைத்துத் தங்கம் விலைக்கு விற்கிறார்கள். நாங்கள் அதைத் தொட்டால் கை கழுவாமல் சோறு கிடையாது.

1994-ல் சென்னைக்கு வந்து ஒரு காப்பித்தூள் கடையில் சேர்ந்தேன். அங்கேதான் எனக்கு அதிர்ச்சி. பத்து வருஷம் அங்கே இருந்தேன். இது எந்த மலைக் காப்பி என்று கேட்டு ஒருவர்கூட வந்ததில்லை. "ஏ பாதி, பீபரி பாதி, சிக்கரி நூத்துக்கு இருபது." இதுதான் பாஷை. காரணம் பிறகு புரிந்தது. 1942-ல் வந்த காப்பிச் சட்டத்துக்குப் பிறகு, விளைவித்தவர் தன் காப்பியைத் தானே விற்க முடியாது. காப்பி வாரியத்தின் பொதுக் கிடங்குக்குக் கொடுத்துவிட வேண்டும். அது எல்லாரிடமும் வாங்கி, தரம் பிரித்து, ஏலம் விடும். கூர்க்கும் சிக்மகளூரும் ஏற்காடும் தாண்டிக்குடியும் ஒரே குவியலில் கலந்துவிட்ட பிறகு ஊர்ப் பெயருக்கு என்ன வேலை? ஏ, பி, பீபரி என்று அளவுதான் மிஞ்சும். தொண்ணூறுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, 1996-ல்தான் முழுசாக விட்டார்கள். அதற்குள் மூன்று தலைமுறை ஊர்ப் பெயர் இல்லாத காப்பியைக் குடித்து முடித்துவிட்டது. காப்பிக்கு ஊர் இல்லாமல் போனதால், அவரவர் தன் ஊரை அதற்கு வைத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, மாயவரம் மாமிக்கு வருகிறேன். முதல் மூன்று தடவை கொடுத்ததும் அவருக்குச் சரிப்படவில்லை. நல்லாத்தான் இருக்கு, ஆனா அது இல்லை என்பார். கடைசியில் உட்கார வைத்து விசாரித்தேன். வீட்டில் பச்சைக் கொட்டையாக வாங்கி, வாரம் ஒருமுறை கரி அடுப்பில் இரும்பு உருளையை வைத்துக் கையால் சுற்றி வறுப்பார்களாம். மேஜை விளிம்பில் திருகி வைத்த கைமெஷினில் காலையில் அரைப்பது சின்னப் பெண்ணான இவர் வேலை. வாசலில் கறந்த பால். காவிரித் தண்ணீர். இதில் எதை நான் தருவது?

நாலாவது தடவை வறுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. வறுக்கும் உருளை நின்றால் ஆபத்து. அடியில் இருக்கும் கொட்டை கருகும். கைப்பிடி இருக்கிறது, ஆனால் அதை மாட்டி நான் சுற்ற ஆரம்பிப்பதற்குள் பொரியும் சத்தம் இரண்டாவது முறையும் வந்துவிட்டது. நான் வழக்கமாகக் கொட்டை முதல் முறை பொரிந்ததும் சற்று பின்னாலேயே இறக்கிவிடுகிறவன். கொட்டிப் பார்த்தால் கறுகறுவென்று எண்ணெய் மினுக்கிக்கொண்டு கிடந்தது. ஐந்து கிலோ போட்டதில் நாலு கிலோகூடத் தேறவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது மாமி படியேறினார். வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"இது எங்காத்துக் கூடம்" என்றார்.

கருகிப்போச்சு மாமி, விற்க மாட்டேன் என்றேன். அவர் பையை நீட்டிக்கொண்டே நின்றார். பாதி விலைக்குக் கொடுத்தேன். என்னைக் கேட்டால் அது கெட்டுப்போன காப்பிதான். கொட்டையின் ருசி போய் நெருப்பின் ருசி மட்டும் மிச்சம். ஆனால் அதன் பிறகு அவருக்காக வெள்ளிக்கிழமை தோறும் ஒரு கிலோவைக் கூடுதலாக வாட்டி எடுத்து, தனி டின்னில் போட்டு "மா" என்று எழுதி வைத்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள் இன்னும் ஆறேழு பேர் அந்த டின்னுக்கு வந்து சேர்ந்தார்கள்.

சிக்கரி விஷயத்தில் இவ்வளவு சுமுகம் இல்லை. கும்பகோணத்திலிருந்து வந்து குடியேறிய, பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சார். "எங்க தாத்தா சிக்கரியை வீட்டுக்குள்ள விட்டதில்லை, கலப்படம்" என்பார். சுத்தக் காப்பி கொடுத்தால் தண்ணியா இருக்கு என்று திரும்பி வருவார். தூளை ஏற்றினாலும் அதே புகார். ஒரு நாள் இரண்டு டம்ளரில் கலந்து வைத்து எது என்று கேட்டேன். முதல் வாயிலேயே இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். கள்ளிச்சொட்டு என்றார். அது அறுபதுக்கு நாற்பது. சிக்கரி ஒரு செடியின் வேர் சார், அதைத் தனியாக வறுத்து அரைக்கிறார்கள், கலவையில் காப்பி நூற்றுக்கு 51-க்குக் குறையாமல் இருந்து அட்டையில் அளவும் போட்டால் சட்டமே ஒத்துக்கொள்கிறது, டிகாக்‌ஷன் கறுப்பாகக் கெட்டியாக இறங்குவது அதனால்தான் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விட்டார். தாத்தாவைக் குறை சொன்னதாக எடுத்துக்கொண்டார் போல. ஒரு மாதம் ஆள் வரவில்லை. அப்புறம் மகன் வந்தார். "அப்பா அந்த ரெண்டாவது டம்ளர் தூள் அரைக் கிலோ வாங்கிட்டு வரச் சொன்னார்."

விளக்கம் சொல்வதை அன்றோடு குறைத்துக்கொண்டேன்.

மற்ற புகார்கள் எளியவை. டிகாக்‌ஷன் இறங்கவே இல்லை என்பார்கள். ஒன்று நான் நைசாக அரைத்திருப்பேன், அல்லது அவர்கள் ஃபில்டர் கண் அடைத்திருக்கும். மேல் பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் காட்டுங்கள், கண் ஒவ்வொன்றாகச் சிவந்து திறக்கும் என்பேன். ஒருமுறை வறுத்த சூட்டோடு பாக்கெட்டில் ஒட்டிக் கொடுத்துவிட்டேன். வறுத்த காப்பி கொஞ்ச நாளைக்கு வாயு விட்டுக்கொண்டே இருக்கும். மறுநாள் நாலு பாக்கெட் பலூன் மாதிரி உப்பித் திரும்பி வந்தன.

இப்போது வேறு மாதிரி ஆட்கள் வருகிறார்கள். முதுகில் மடிக்கணினிப் பையோடு, எந்தத் தோட்டம், எத்தனை அடி உயரம், பழத்தோடு காயவைத்ததா கழுவினதா என்று கேட்கிறார்கள். 2024 வாக்கில் பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி என்று பச்சைக் கொட்டை விலை ஏறிய ஏற்றத்தில், பழைய வாடிக்கைக்காரர்கள் கால் கிலோவை இருநூறு கிராமாக்கிவிட்டார்கள். இந்தப் பிள்ளைகள்தான் விலை பார்க்காமல் வாங்குகிறார்கள். ஒரு பெண், தாண்டிக்குடி இருக்கிறதா என்று கேட்டாள். எனக்கு ஒரு நொடி ஒன்றும் ஓடவில்லை. கடையில் அந்தப் பெயரை வேறொருவர் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த மாதமே மாமா பிள்ளையிடம் சொல்லி ஒரு மூட்டை வரவழைத்தேன். இளம் வறுவலாக எடுத்து, பால் சர்க்கரை இல்லாமல் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, ஆரஞ்சுப் பழம் மாதிரி ஒரு புளிப்பு வருகிறது என்றாள். நானும் ஒரு வாய் குடித்தேன். புளிப்பு இருந்தது. அந்தத் தோட்டங்களில் ஊடே ஊடே ஆரஞ்சு மரம் நிற்கும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் மாமா வீட்டு வாசல் ஞாபகம் வந்துவிட்டது.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். வயசு எழுபத்தெட்டு. அந்த மூட்டையிலிருந்து ஒரு படி பச்சைக் கொட்டையை வீட்டுக்கு எடுத்துப்போய், நம்ம மலைக் காப்பி, முதல் ரகம், சீமைக்குப் போறது என்றேன். முறத்தைக் கேட்டாள். திண்ணையில் வெளிச்சம் பார்த்து உட்கார்ந்து, கொட்டையைப் பரப்பி, எதிர்வீட்டு அம்மாவிடம் பேசிக்கொண்டே விரலை ஓட்டினாள். பேச்சு முடிந்தபோது முறத்து ஓரத்தில் பன்னிரண்டு கொட்டை ஒதுங்கியிருந்தது. எனக்கு அவற்றில் ஆறில்தான் குறை தெரிந்தது.

"இதப் பொறுக்குனவ புதுசு போலருக்கு" என்றாள்.

நல்லதை என் பக்கம் தள்ளிவிட்டு, அந்தப் பன்னிரண்டையும் ஒரு கிண்ணத்தில் போட்டு எடுத்துக்கொண்டு எழுந்தாள். வீட்டில் கருப்பட்டி இருக்கிறதா என்று கேட்டாள்.