பங்குனி உளுந்துக்குச் சேர்த்த சில்லறை

மார்ச் 2, 2025, ஞாயிறு

உளுந்து பூத்துவிட்டது. பாமணி ஆற்றங்கரையில் நடந்தால் தாளடி (இரண்டாம் போக) நெல் வயல் முழுக்க மஞ்சள் பூ. இன்னும் ஒரு மாதத்தில் பறிப்பு வந்துவிடும். உண்டியலுக்கும் அதுவரைதான் அவகாசம்.

எங்கள் வீட்டில் சில்லறை சேர்ப்பது தீபாவளிக்கோ நகைச்சீட்டுக்கோ கிடையாது. பங்குனியில் வயலிலிருந்தே வருஷத்துக்கான உளுந்தும் பச்சைப்பயறும் வாங்கிப் போட்டுக்கொள்ளத்தான். அத்தை காலத்தில் பயறு பறிக்கப் போனவர்களுக்குக் கூலியாகப் பயறையே அளந்து கொடுப்பார்கள். பானை தானாக நிறைந்துவிடும். இப்போது நான் வீட்டில் தையல் மெஷினோடு இருக்கிறேன், அவர் மன்னார்குடியில் இரும்புக்கடை வேலைக்குப் போகிறார். வயலில் இறங்காத வீட்டுக்குப் பயறு காசு கொடுத்தால்தான் வரும்.

டெல்டாவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே உளுந்துக்குத் தனியாக உழுவதில்லை. நெல் அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்னாலேயே நிற்கிற நெற்பயிருக்குள் விதையைத் தெளித்துவிடுவார்கள். வயலில் இருக்கிற ஈரத்திலேயே முளைத்து, அப்புறம் பனியைக் குடித்தே வளர்ந்துவிடும். ஜனவரி 28-உடன் மேட்டூரில் தண்ணீரை நிறுத்துவது வழக்கம், அதனால் வாய்க்காலை நம்பி இந்தப் பயிர் இல்லை. ஆடுதுறை 3 ரகம் எழுபது, எழுபத்தைந்து நாளில் காய்ந்து நிற்கும். உரமும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் மண் சும்மா கொடுக்கிற பருப்பு இது. அறுவடை இயந்திரம் ஏறுகிற வயல்களில் முளைத்த செடி நசுங்கிப்போவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

மார்ச் 5, புதன்

"அரிசிதான் சும்மா கிடைக்குதே, அப்புறம் என்ன கவலை?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். 2011-லிருந்து ரேஷனில் அரிசி விலையில்லாமல்தான் வருகிறது. அது எத்தனை வீட்டில் உலை கொதிக்க வைத்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் அரிசி கையில் இருக்கிறது என்பதாலேயே ரசம், வற்றல், ஊறுகாய் என்று மூன்று வேளையையும் ஓட்டிவிடுகிற பழக்கமும் கூடவே வந்துவிட்டது. சோறு மலையாக இருக்கும், தொட்டுக்கொள்ள ஒன்றும் இருக்காது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அது காணாது.

நூறு கிராம் அரிசியில் புரதம் ஏழெட்டு கிராம். உளுந்திலும் பயறிலும் இருபத்து நான்கு கிராம் வரை இருக்கிறது. அரிசியில் குறைகிற சத்து பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைகிறது அரிசியில் இருக்கிறது. இட்லியும் பொங்கலும் சும்மா வந்த பண்டங்கள் இல்லை. ஆகவே என் அடுப்படியில் சிக்கனம் என்றால் எண்ணெயைக் குறைப்பேன், காயை மாற்றுவேன், அரை மூடித் தேங்காயை இரண்டு பத்தையாக்குவேன். பருப்பில் மட்டும் கை வைக்கமாட்டேன்.

இன்று மதியம் பயறு கடையலும் முருங்கைக்கீரையும். பயறு 150 கிராமை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, மஞ்சள்தூள், பச்சைமிளகாய், சின்ன வெங்காயம் போட்டுக் குழைய வேகவிட்டு, மத்தால் கடைந்து, கடுகு கறிவேப்பிலை தாளித்தால் ஐந்து பேருக்குக் காணும். கீரை கொல்லையில் இருந்தது. எல்லாம் சேர்த்து இருபத்தைந்து ரூபாய்க்குள். காய் வாங்காததால் மிஞ்சிய இருபது ரூபாய் உடனே உண்டியலுக்குப் போனது. உடனே என்பதுதான் முக்கியம். சாயங்காலம் வரை அது முந்தானை முடிச்சிலேயே இருந்தால் பூக்காரம்மா வந்துவிடுவார்.

மார்ச் 12, புதன்

மாசி மகம். கும்பகோணம் போகிற பஸ்ஸெல்லாம் நிறைந்து போயிற்று. நாங்கள் போகவில்லை. காலையில் கொஞ்சம் தூறியதில் மேலத்தெருப் பெரியப்பா வயலுக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். பூவில் மழை அடித்தால் கொட்டிவிடும். நல்லவேளை, மதியத்துக்குள் வெயில் வந்துவிட்டது.

உண்டியல் சுரப்பது முன்பைவிடக் குறைந்துவிட்டது. காரணம் போன். பெட்டிக்கடையில்கூட ஸ்கேன் செய்து பதினேழு ரூபாய் என்றால் பதினேழாகவே போய்விடுகிறது, மீதி மூன்று ரூபாய் கைக்கு வருவதே இல்லை. மகளிடம் சொன்னதும் அவள் ஒரு வழி சொன்னாள்: "போனில் பதினேழு போனால், வீட்டுக்கு வந்ததும் மூன்று ரூபாயை எடுத்துப் போட்டுடும்மா." சரி என்று இந்த வாரம் அப்படியே செய்கிறேன். ஆனாலும் மளிகைக்கும் கீரைக்கும் நோட்டு கொடுத்து வாங்குவதுதான் எனக்கு ஒத்துவருகிறது. காசு கையை விட்டுப் போவது கண்ணுக்குத் தெரிந்தால்தான் நாக்கு அடங்கும்.

மார்ச் 15, சனி

பங்குனி பிறந்தது. ரேஷனில் துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. இந்தப் பருப்பு சாம்பாருக்கு மட்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் மன்னார்குடி போய்வரச் செலவில்லை. அந்தக் காசையும் கணக்குப் பார்த்து உண்டியலில் போடுவேன். மிச்சம் என்று வாயால் சொன்னால் போதாது, எங்காவது போய் உட்கார வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

கொல்லையில் வாழைத்தார் வெட்டினோம். தாரை வியாபாரி எடுத்துக்கொண்டார். தண்டு, பூ, இலை எங்களுக்கு. இரண்டு நாள் சமையலுக்குக் காய் வாங்க வேண்டாம்.

மகளுக்குத் தண்டு நறுக்கச் சொல்லிக்கொடுத்தேன். மேல் பட்டையை உரித்துக்கொண்டே போனால் நடுவில் வெள்ளையாக, ஈரமாக, விரல் வைத்தால் ஜில்லென்று தண்டு நிற்கும். வட்டமாக ஒரு வில்லை நறுக்கி இழுத்தால் சிலந்தி நூல் மாதிரி நார் கூடவே வரும். அதை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போகவேண்டும். பத்து வில்லைக்குள் விரலில் மோதிரம் கனத்துவிடும், உருவிப் போட்டுவிட்டு மறுபடி சுற்றவேண்டும். நறுக்கியதை மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. பயத்தம்பருப்போடு வேகவைத்து, இரண்டு பத்தைத் தேங்காயும் சீரகமும் ஒரு மிளகாயும் அரைத்துவிட்டுக் கூட்டு. அவள் முதலில் நாரை அறுத்து அறுத்துத்தான் விட்டாள். அப்புறம் கை பழகிவிட்டது.

பூவில் பாதி நாளைக்கு வடைக்கு. கடலைப்பருப்பு ஊறப்போட வேண்டும்.

சின்னவனுக்கு மன்னார்குடித் திருவிழாவுக்குப் போகவேண்டும். பதினெட்டு நாள் திருவிழா, ஒரு நாளாவது கூட்டிப்போக வேண்டும், சுவாமி வெண்ணெய்க் குடத்தோடு வருகிற வெண்ணெய்த்தாழி நாளுக்கே போகலாம் என்று அத்தையும் சொல்கிறார். அதற்கு உண்டியலில் கை வைக்கப்போவதில்லை. பிளவுஸ் தைத்த காசு இருக்கிறது. பிள்ளை ராட்டினம் ஏறுவதை மறுத்துச் சேர்க்கிற காசு எனக்கு வேண்டாம்.

மார்ச் 29, சனி

உண்டியலை உடைத்தோம். பழைய மண் உண்டியல், அத்தைதான் அம்மிக்குழவியால் தட்டினார். பாயில் கொட்டி ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்று பிரித்தோம். பழைய ஒரு ரூபாயும் புது இரண்டு ரூபாயும் ஒரே அளவாகத் தெரிகிறது, சின்னவன் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து எடுத்துவைத்தான். ஐம்பது பைசா நாலைந்து கிடந்தது. இன்றைக்கும் சட்டப்படி செல்லும் காசு, ஆனால் வாங்கத்தான் ஆளில்லை.

மொத்தம் 4,270 ரூபாய். நாள் ஒன்றுக்குப் பன்னிரண்டு ரூபாய்கூட விழவில்லை. வருஷம் முழுக்க யாரும் ஒரு வேளை குறைத்துச் சாப்பிடவும் இல்லை. எனக்கு இதில் நிறைவு உண்டு, மறைக்கவேண்டிய அவசியமில்லை.

சில்லறையை நோட்டாக மாற்றக் கஷ்டமே இல்லை. டீக்கடைக்காரர் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார், அவருக்குக் காலையில் சில்லறை இல்லாமல் கை ஓடாது. தனியார் பஸ் கண்டக்டரும் கேட்பார். பத்து ரூபாய் நாணயத்தில்தான் இழுபறி. ஒரு கடையில் "செல்லாது" என்று தள்ளிவிட்டார்கள். அது தப்பு. பதினான்கு வடிவத்தில் வந்த பத்து ரூபாய் நாணயமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லிவிட்டது. 2011 நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலுமான நாணயங்களை ஆயிரம் ரூபாய் வரை கொடுக்கலாம். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசினால் அடுத்த கடையில் மறுக்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

பறிப்பு. காலை ஆறு மணிக்கே பெரியப்பா வயலில் ஆள். உளுந்துச் செடி முழங்கால் உயரம்தான், குனிந்தே இருக்கவேண்டும். இலை பழுத்து, காய் கருத்து, காயின் மேல் சொரசொரவென்று முடி. வெயில் ஏறுவதற்குள் பறித்துவிட வேண்டும், ஏறிவிட்டால் கை பட்டதும் காய் வெடித்து உளுந்து மண்ணில் சிந்தும். பறித்த செடியைத் தார்ரோட்டில் பரப்பி வைத்திருந்தார்கள். லாரியும் டிராக்டரும் ஏறி ஏறிப் போக, அதுவே அடித்துக் கொடுத்துவிடுகிறது. ஓரத்தில் நின்று பெரியம்மா முறத்தில் புடைத்தார். சருகு காற்றில் போக, முறத்தின் நுனியில் உளுந்து மட்டும் நின்றது. இரண்டு உளுந்தைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தேன். டக்கென்று உடைந்தால் காய்ந்தது, பல்லில் அமுங்கினால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும். அமுங்கியது. நாளைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன். ஈர உளுந்து எடைக்கும் நஷ்டம், வீட்டுக்குப் போனால் பூசணமும் பிடிக்கும்.

விலை பேசினோம். 2024-25க்கு அரசாங்கத்தின் ஆதரவு விலை உளுந்துக்குக் குவிண்டால் 7,400, பச்சைப்பயறுக்கு 8,682. வியாபாரிகள் வயலில் அதையும் குறைத்துத்தான் கேட்கிறார்களாம். பெரியப்பாவிடம் நான் உளுந்து கிலோ 78, பயறு 88 என்றேன். வியாபாரி கொடுப்பதைவிட அவருக்குக் கூடுதல், மன்னார்குடிக் கடை விலையைவிட எனக்குக் குறைவு. "நம்ம வீட்டுப் புள்ளைங்கதானே சாப்பிடப்போவுது" என்று ஒத்துக்கொண்டார். உளுந்து 25 கிலோ, பயறு 20 கிலோ. 3,710 ரூபாய்.

பெரியப்பாவை ஐந்து ரூபாய்க்கு நெருக்கி எனக்கு மிச்சம் பண்ணத் தெரியாது என்றில்லை, செய்யமாட்டேன். அவர் உளுந்து தெளிப்பதை நிறுத்திவிட்டால் எங்கள் பானைக்கு வழி ஏது?

ஏப்ரல் 6, ஞாயிறு

இரண்டு நாள் மொட்டைமாடியில் காயவைத்து எடுத்தாயிற்று. வண்டு முழுப் பயறில்தான் முட்டை வைக்கும், அதனால் நன்றாகக் காய்ந்ததைத் தகர டின்னில் அமுக்கிக் கொட்டி, நடுநடுவே காய்ந்த வேப்பிலையும் மிளகாய் வற்றலும் வைத்திருக்கிறேன். மாதம் ஒரு தடவை வெயில் காட்டவேண்டும்.

மில்லில் பத்து கிலோ உளுந்தை மட்டும் உடைத்தேன். உடைத்தால் கால் பங்கு தோலும் நொறுங்கலுமாக, பொட்டாகப் போய்விடுகிறது. கிலோ 78-க்கு வாங்கியது, கூலி கிலோவுக்கு 6 ரூபாயும் சேர்த்தால் பருப்பாக 112 ரூபாய் அடக்கம். கடையில் 130. மிச்சம் இருக்கிறது, ஆனால் பெரிதாக இல்லை. தோலோடு உபயோகித்தால்தான் முழு லாபம். ஆகவே தாளிப்புக்கும் வடைக்கும் மட்டும் பருப்பு. இட்லி மாவுக்குக் கறுப்பு உளுந்தை ஊறவைத்துக் கையால் பிசைந்து தோலைக் கழுவி விடுவேன், தோசைக்குப் பாதித் தோல் இருந்தாலும் பரவாயில்லை. ஞாயிறுகளில் மகளுக்குக் கறுப்பு உளுந்தங்கஞ்சி: ஒரு கை உளுந்து, இரண்டு கை பச்சரிசி, கொஞ்சம் வெந்தயம், நாலு பல் பூண்டு, குழைய வேகவிட்டு வெல்லமும் தேங்காயும்.

மீதி 560 ரூபாயில் மில் கூலி 60 போக, 500 ரூபாய் அத்தையின் கண்ணாடிக்கு. அத்தை வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. அரிசியில் கல் பார்ப்பது அவர்தான்.

பொட்டைப் பக்கத்து வீட்டு அக்காவின் மாட்டுக்குக் கொடுத்துவிட்டேன். பால் கணக்கில் கழித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் அடுத்த வருஷம் ஐந்து கிலோ பயறு வேண்டுமாம், பெரியம்மாவிடம் இப்போதே சொல்லிவைத்தாயிற்று.